பதினொரு செக்கன்

எனக்குத் தந்த வேலை மணி அடிப்பது.
மூன்று நிமிடம் முடிந்தால் ஒருமுறை, ஓங்கி.
மற்றப்படி அந்த மண்டபத்தில்
நானும் ஒரு கதிரை.

உட்துறைமுக வீதி. நாலு மின்விசிறி, சுற்றுவது இரண்டு.
பதாகையில் சிறுதொழில் மானியம், முதற்பரிசு ஐந்து லட்சம்,
எழுத்துக்குக் கீழே சிரிக்கிற ஒரு பெண்.
அவள் இந்த ஊரில்லை.

பிரதம விருந்தினர் விளக்கேற்றும்போது பத்தேகால்.
பேசி முடிக்கும்போது பதினொன்று தாண்டிவிட்டது.
அவருக்கு மணி அடிக்கும்படி
எவரும் எனக்குச் சொல்லவில்லை.

தம்பலகாமம் கோணேசபிள்ளை, எருமைத் தயிர்:
சபைக்கு வணக்கம் சொல்லவே ஒரு நிமிடம் போயிற்று,
எருமைகளின் பெயர் சொல்ல இன்னொன்று.
சட்டிக்கு அவர் வந்து சேர்ந்தபோது அடித்தேன்.
திறந்த வாயோடு இறங்கிப் போனார்.

பாலையூற்று டெரிக் கார்பரேட்டரைக் கையோடு கொண்டுவந்தார்.
மேசை விரிப்பில் இன்னமும் இருக்கிறது
அவருடைய முழு விண்ணப்பமும், எண்ணெய் வட்டமாக.

கிண்ணியா நஸ்லியா உடல் மூடிய நீச்சலுடை தைக்கிறாள்.
அபாயாவோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று
அலைக்கு அலை துணியைப் பிழிகிற
சாச்சிமாரை ஒரே வரியில் காட்டினாள்.
இரண்டு நிமிடம் ஐம்பதில் முடித்து
என் பக்கம் திரும்பி, "இப்ப அடிங்க" என்றாள்.

சுகிர்தமலரின் இலக்கம் பதினான்கு.
திருக்கடலூரில் ஐஸ் விற்பவள்.
மாதிரி கொண்டுவரலாம் என்று படிவத்தில் இருந்ததாம்;
எட்டரைக்கே வந்துவிட்டாள்.
ரெஜிபோம் பெட்டி, அதற்குள் உமி,
உமிக்குள் சாக்கு, சாக்குக்குள் கட்டி.
அரை மணிக்கொருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்தாள்,
தொட்டிலைப் பார்ப்பது போல.
தரையில் நீர் ஓடத் தொடங்கியதும்
பியோன் பழைய பேப்பர் விரித்தான்.

ஒன்றேகாலுக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.
பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தாள்:
சவர்க்காரக் கட்டியளவு.
"காலையில இது பதினஞ்சு கிலோ."
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எழுதி வந்த தாள் நனைந்திருந்தது. வைத்துவிட்டாள்.
"எங்கட தோணியள் கரைக்கு வாறது விடிய மூண்டு மணிக்கு.
கந்தளாயிலயிருந்து ஐஸ் லொறி வாறது ஆறுக்கு.
அதுவரைக்கும் பாரை பாக்க நல்லாத்தான் இருக்கும்.
முள்ளுப் பக்கத்தால பழுதாகத் தொடங்கியிருக்கும்.
ஆறரைக்கு முதலாளி வந்து செவுளைத் தூக்கிப் பாத்திட்டு
பாதி விலை சொல்லுவார்.
எங்களுக்கு வேணும் ஒரு மெஷின், கரையிலயே.
பதினொரு லட்சம். கையில நாலு இருக்கு.
மிச்சத்துக்கு வங்கிக்குப் போனனான்—"

நிறுத்தினாள்.
நடுவர் மேசையில் வங்கிக்காரர்
பேனா மூடியைத் திறந்து மூடினார்.
மூன்று நிமிடம். என் விரல் மணியில்.

கை முழுக்கச் சொட்டச் சொட்ட அவள் நின்றாள்.
நான் அடிக்கவில்லை.

"...பிணையாளி அரசாங்க உத்தியோகத்தராம்.
எங்கட தெருவில அப்பிடி ஒருத்தரும் இல்லை, சேர்."

அதன்பிறகு அடித்தேன்.
நேரப் பதிவேட்டில் 3.00 என்று எழுதி
கையெழுத்தும் வைத்தேன்.

இரவு ரயிலில் வந்த கண்சிவப்போடு
கொழும்பு மிஸ் கேட்டா:
ஐந்து வருடத்தில் உங்கள் தொழில் எங்கே நிற்கும்?
"திருக்கடலூரிலதான் மிஸ்.
கடல் அங்கதானே இருக்கு."

முதற்பரிசு நஸ்லியாவுக்கு. சரியான தீர்ப்பு.
இரண்டாவது யாரோ, காளான்.
சுகிர்தமலருக்கு மூன்றாவது, எழுபத்தையாயிரம்,
கதவளவு அட்டையில் காசோலை.
படமெடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.

அட்டை ஓட்டோவுக்குள் போகவில்லை.
மதிலில் சாத்திவிட்டு
பெட்டித் தண்ணீரை வாசலில் கவிழ்த்தாள்.
எங்கிருந்தோ ஒரு புள்ளிமான் வந்தது,
பஸ்ஸுக்கும் ஒதுங்காத இந்த ஊர் மான்.
குழியில் தேங்கியதைக் குடித்தது, உமியை முகர்ந்தது,
பிறகு மதிலடிக்குப் போய்
காசோலையின் கடைசிச் சைபரை
ஓரத்தால் மெல்லத் தொடங்கியது.

"சூ" என்றாள்.
குரலில் அவ்வளவாகக் கோபமில்லை.