வடிகட்டின பொய்

வியாழன்தோறும் பிஷ்கேக்கிலிருந்து பட்டியல் வரும்.
முகவரி ஒரு பத்தியில், தேதி ஒரு பத்தியில்.
காரணம் என்றும் ஒரு பத்தி உண்டு,
தலைப்போடு நின்றுவிடும்.
பட்டியலைச் சுவரில் ஏற்றுவது தின்ச்திக்.
ஏற்றியபின் தொலைபேசி எடுப்பது நான்.

கரகோலில் மூவாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கு
எங்கள் கம்பி வழியாகத்தான் உலகம் போகிறது.
பக்கம் திறக்கவில்லை என்று யார் கேட்டாலும்
திரையின் விளிம்பில் ஒட்டிய தாளைப் படிக்க வேண்டும்:
'தொழில்நுட்பக் கோளாறு. சரிசெய்து வருகிறோம்.'
எட்டு மாதமாகச் சரிசெய்து வருகிறோம்.

குழந்தைகளைக் காக்க, என்றார்கள் முதலில்.
யார் மறுப்பார்கள்? நானும் கை தூக்கியிருப்பேன்.
அப்போது பத்தொன்பது வரி.
இப்போது நானூற்று ஆறு.
ஒரு நாளிதழ் இருக்கிறது அதில்.
பேருந்துக் கட்டண உயர்வுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் இருக்கிறார்.
ஏரித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துச் சோதித்த
ஒன்பதாம் வகுப்பு இருக்கிறது
(குழந்தைகள்தாம், யோசித்தால்).
வரி முந்நூற்றுப் பன்னிரண்டு:
தேனீ வளர்ப்பவர்களின் பக்கம்.

தேனீ எதற்கு?
நானும் தின்ச்திக்கும் ஓர் இரவு முழுக்க ஊகித்தோம்.
'ராணியை மாற்றும் முறை' என்று அங்கே ஒரு கட்டுரை.
'கூட்டம் கிளம்பப் போகும் அறிகுறிகள்' என்று இன்னொன்று.
சிரித்தோம்.
பிறகு, சிரித்தது யாருக்காவது கேட்டதா என்று
கதவைப் பார்த்தோம்.

நவம்பர். அக்-சூவிலிருந்து சோவெத்பெக், மூன்றாம் தடவை.
'முப்பத்திரண்டு பெட்டி. எல்லாவற்றிலும் உண்ணி.
மருந்தின் அளவு அந்தப் பக்கத்தில் இருந்தது,
எழுதி வைக்காமல் போனேன்.
உங்கள் கோளாறு எப்போது தீரும்?'
வாய் பழக்கத்தில் தொடங்கியும் விட்டது:
தொழில்நுட்ப

எதிரே என் தேநீர்க் கோப்பை, மேலே வடிகட்டி.
இலையை நிறுத்தினால் வடிகட்டி.
தேநீரையும் நிறுத்தினால் மூடி.
மூடியை வைத்துவிட்டு வடிகட்டி என்பதும்
மூடியதைக் கோளாறு என்பதும்
வடிகட்டின பொய்.

'கோளாறு இல்லை,' என்றேன். 'மூடியிருக்கிறார்கள்.'
'யார்?'
'தெரியாது.'
'என்ன காரணம்?'
'அந்தப் பத்தி காலி.'
அவர் மூச்சு கேட்டது. பின்னால் எங்கோ ஒரு நாய்.

என் வீட்டிலும் அது திறக்காது.
ஆனால் இந்த அறையில் ஒரு கணினி மட்டும்
சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது,
ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.
'பேனா இருக்கிறதா?'

வாசித்தேன்.
ஒரு லிட்டர் பாகுக்கு இத்தனை கிராம் அமிலம்.
சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஐந்து மில்லி, கூடக் கூடாது.
முட்டையும் புழுவும் இல்லாத நாளாகப் பார்.
கையுறை போடு.
கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்த நன்றியையும் வாசித்தேன்,
நாற்பது நிமிடம்,
'தரமேம்பாட்டுக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது'
என்று நானே தொடக்கத்தில் சொன்ன அதே இணைப்பில்.
பதியட்டும். என் பெயர் பெகிமாய்.
அமிலத்தின் அளவில் தவறிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

மறுநாள் ஜிர்கலானிலிருந்து இரண்டு பேர்.
அதற்கடுத்த இரவு பதினொன்று, எல்லாம் உண்ணி.
தின்ச்திக் வந்து நின்றான்.
தாளைப் பிய்ப்பான் என்று நினைத்தேன், பிய்க்கவில்லை.
பயம் அவனுக்கும் சம்பளம் மாதிரி, மாதாமாதம்.
இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

பன்னிரண்டாவதாக வந்த பெண்ணிடம்
சட்டம் எத்தனை, பெட்டி எத்தனை என்று கேட்டேன்.
'தேனீ இல்லை என்னிடம்,' என்றாள், மிகவும் தாழ்ந்த குரலில்.
'அந்தப் பேருந்துக் கணக்கு...
அதையும் வாசிப்பீர்களா?'

காது கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாக, என்றேன்.
கேட்டிருந்தது.