எர்த்

தஞ்சாவூர்க் கடையில் விலை சொன்னபோது
காயில் கட்டிய கூலியாக மாற்றிப் பார்த்தேன்:
ஏழரை எச்.பி. மோட்டார் பதினொன்று,
மேலே கொஞ்சம் சில்லறை.
வாசிச்சுப் பாருங்கக்கா என்றான் கடைப்பையன்.
தெரியாது என்பதைச் சொல்லாமல்
கம்பிகளுக்கடியில் பதித்திருந்த காந்தங்களைக் காட்டி
எத்தனை சுற்று என்றேன்.
விழித்தான்.

மன்னார்குடி பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட்.
வடுவூர் தாண்டும்வரை ஜன்னலோரம் அதனுடையது.

ராத்திரி பட்டறையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஆம்ப்பில் செருகினேன்.
தொடுமுன்பே உறுமியது கிட்டார்.
பழகிய உறுமல்தான்,
ஒரு ஃபேஸ் போன மோட்டார்
நின்ற இடத்தில் இப்படித்தான் முனகும்.
கம்பியில் கை வைத்தேன், அடங்கியது.
எடுத்தேன், மறுபடி.

வெட்கத்தோடு எழுதுகிறேன்,
முதல் தட்டு விரலால் அல்ல, டெஸ்டரால்.
அடுத்துதான் கட்டைவிரல்.
தடித்த கம்பியின் சத்தத்தில்
அலமாரி வார்னிஷ் டப்பாக்கள் நடுங்கின.
மாடியிலிருந்து ரெபேக்காள் டீச்சர்
என்னடி, தீய்ஞ்சு போச்சா என்றார்.

சித்திரை வெடிப்பில் எர்த் குழி காய்ந்து கிடந்தது.
இரண்டு குடம் தண்ணீர், ஒரு படி உப்பு.
கொட்டிவிட்டு வந்தேன்.
இரைச்சல் பாதியானது.
மீதியை வைத்துக்கொண்டேன்.

இடதுகை விரல்நுனியில் கோடு கோடாக எரிச்சல்.
காலையில் இதே விரலால்
கோட்டூர்க்காரர் மோட்டாருக்குச் செம்பு இழுக்கவேண்டும்.
ஒன்பது தவணை பாக்கி.
மேலொட்டிய பிளாஸ்டிக் தாளை
இன்னும் உரிக்கவில்லை.