தண்ணீர்க் கழிவு

காலிக் கடலில் பதின்மூன்று மீட்டர் என்றால்
பதின்மூன்று மீட்டர்தான்.
மவுஸ்ஸாக்கலையில் அப்படியில்லை.
மலைமேல் காற்று மெலிவு, அதனால்
அட்டவணையில் ஆழத்தைக் கூட்டி எழுதவேண்டும்.
பதினைந்து என்று குறித்துவிட்டு முங்கினேன்.
உயரம்கூட இங்கே ஆழத்தின் பக்கம்தான்.

ஃபர்ஸான் கயிற்றைப் பிடித்தபடி முன்னால்.
பச்சை, பிறகு சாயத்தண்ணி நிறம், பிறகு
கைவிளக்கின் வட்டத்துக்கு வெளியே ஒன்றுமில்லை.
மரம் தின்னும் புழு கடலுக்குரியது,
இந்த நன்னீரில் அதற்குப் பிழைப்பில்லை.
படகு முழுசாகக் கிடந்தது:
டர்பன்டைன் பலகை, தகரம் அடித்த அடிப்பாகம்,
நேற்றுத்தான் யாரோ கட்டிவிட்டுப் போனதுபோல்
துடுப்பில் இன்னும் முடிச்சு.

கப்பல் என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள்.
பீரங்கி இல்லை, பீங்கான் இல்லை.
அக்கரை மலையில் ஆய்ந்த கொழுந்து
இக்கரை ஃபெக்டரிக்கு வந்த வழி, அவ்வளவுதான்.
இருந்தும் அதே ஒழுங்கு.
நூல் கட்டிச் சதுரம், சதுரத்துக்கு எண்,
பிளாஸ்டிக் தாளில் பென்சில்.
நான்காம் சதுரத்தில் சேற்றைக் கையால் விசிறினேன்.
தொங்கு தராசு.
வட்டமுகம், கண்ணாடி உடையவில்லை,
முள் துருவேறிப் பதினொன்றில்.
கொக்கியில் எதுவும் இல்லை.

தோட்டத்து ஆபீஸில் பேரேட்டை
முந்தின வாரமே பார்த்திருந்தோம்.
அந்த ஜூலைப் பக்கம், நீல மையில்:
படகு ஒன்று, தராசு ஒன்று, சாக்கு இருபத்தாறு,
பச்சைக் கொழுந்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோ, நட்டம்.
ருவிந்து பக்கத்தைப் புரட்டினான், திரும்பவும் புரட்டினான்.
துடுப்புப் போட்டவனுக்கு ஒரு வரி இல்லை.

மேலே வர நேரமெடுத்தது. இரத்தத்தில் ஏறிய காற்றைத்
தவணை தவணையாகத்தான் விடவேண்டும்.
பகல் நிறுவைக்குப் போகிறவர்கள்
கரையில் நின்றிருந்தார்கள்.
தராசை நாங்கள் தூக்கவில்லை, படம் மட்டும்.
கெமராவின் சின்னத் திரையை ஒருத்தி
(பாக்கியவதி என்று பின்னால் எழுதிக்கொண்டேன்)
கொழுந்துப் பை சரியாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள்.

"முள்ளு எத்தனையில நிக்குது?"

பதினொன்று என்றேன்.

"பதிமூணா இருக்கும்.
தண்ணிக்கு ரெண்டு கழிச்சிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.
நாலெட்டு நடந்தவள்
திரும்பாமலே சொன்னாள்:
"துடுப்புப் போட்டது காத்தமுத்து.
அதையும் எழுதிக்கங்க."

விரல் விறைத்திருந்தது, பென்சில் நழுவியது.
எடுத்து, நான்காம் சதுரத்தின் ஓரத்தில் எழுதி,
முதலெழுத்து என்ன என்று கேட்பதற்குள்
ஃபெக்டரிச் சங்கு ஊதிவிட்டது.