முன்சக்கரம் இருபது இஞ்சு

கேட்டும் கிரில்லும் அடிப்பவன் நான்.
கூத்தாநல்லூரில் பாதி வாசல் என் கைவேலை.
ஜொகராக்கா வந்து கேட்டது வண்டி.

"ஸ்கூட்டி கட்டுப்படியாகலப்பா கலியமூர்த்தி,
இடியாப்பத்துல வர்றதை பெட்ரோல் தின்னுடுது.
நாப்பது கிலோ ஏத்தணும்.
புர்காவோட, காலைத் தூக்காம நான் ஏறணும்.
நிறுத்துனா நிக்கணும்."

இடுப்புக்கும் தரைக்கும் அளவெடுக்க எனக்குக் கூச்சம்.
அக்கா நாடாவைப் பிடுங்கித் தானே அளந்து
"இருபத்தெட்டு, எழுதிக்க" என்றது.

அதுவரை எனக்குத் தெரிந்த இரும்பு
வைத்த இடத்தில் இருக்கும் இரும்பு.
கேட்டென்றால் கீலில் ஆடும், அவ்வளவுதான்.
கிரில்லுக்கு அதுவும் கிடையாது.
அதே பைப்பை வளைத்து, அதே ராடால் சுட்டு
ஹேண்டில் மேலேயே கூடையைப் பொருத்தி
பச்சை பெயிண்டு அடித்து
எட்டாம் நாள் கொடுத்துவிட்டேன்.
பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள்
லெட்சுமாங்குடிப் பாலத்து ஏற்றத்தில்
கழுத்தடியில் வெல்டிங் விட்டது.
முழுதாக இல்லை, மயிரிழை.
ஆனால் ஹேண்டில் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்,
கீழே வெண்ணாறு இருட்டில் ஓடுகிற சத்தம்,
கூடையில் அறுபது பொட்டலம் சூடாக.
முந்தானைக் கயிறோ மூட்டைக் கயிறோ
எதையோ சுற்றிக் கட்டி
தள்ளிக்கொண்டே எல்லா வீட்டுக்கும் போட்டுவிட்டு
எட்டு மணிக்கு அக்கா என் பட்டறையில்.

திட்டவில்லை.
தேங்காய்ப்பாலோடு ஒரு பொட்டலம் வைத்தது.
"தின்னுட்டு, நீயே ஓட்டிப் பாரு."

விரிசலை அடைத்து
கூடை நிறைய மணல் அள்ளிப் போட்டு
வாய்க்கால் கரையில் ஓட்டினேன்.
கயிற்றுக்கு வராத வெள்ளாடாய்
தலையை உதறிக்கொண்டே போனது.
மடையைத் தாண்டும்போது
கூடை என்னை முந்திக்கொண்டு இறங்க
நான் அதன் பின்னாலேயே இறங்கினேன்.
குறுவை நடவுக்குக் குனிந்திருந்த பெண்கள்
நாற்றும் கையுமாக நிமிர்ந்தார்கள்.
"மணல் கடத்த லாரி பத்தலையாண்ணே,
சைக்கிளு வேறயா?"

அன்று ராத்திரி எல்லாவற்றையும் அறுத்தேன்.

பாரத்தைக் கீழே இறக்கணும்.
இறக்க இடம் வேண்டும், அதனால் முன்சக்கரம் சின்னது,
எவன் வீட்டுப் பையனோ விட்டுப்போன
சைக்கிளின் இருபது இஞ்சு.
கம்பி முப்பத்தாறும் தடிமனாக மாற்றி
கூடையை ஹேண்டிலில் கட்டாமல்
பிரேமோடு சேர்த்தேன்.
இனி ஹேண்டில் தன்பாட்டுக்குத் திரும்பும்,
இடியாப்பம் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும்.
பைப்பு கொஞ்சம் கனத்தது. நடுக்கம்பி பள்ளமாக,
முழங்காலுக்கும் கீழே.
கழுத்துக்கு ஆர்க்கை நம்பவில்லை.
மன்னார்குடியில் கேஸ் வாடகைக்கு எடுத்து
பித்தளை ஊற்றினேன்.
மேட்டூர் திறந்த முதல் தண்ணீர்
வயல் வெடிப்பில் புகுவதுபோல
அது தானாகப் போய் இடுக்கில் உட்கார்ந்தது.
ஸ்டாண்டுக்கு மட்டும் பழைய தொழில்.
இரண்டு கால், கேட்டுக்கால் அகலம்.
பச்சை தீர்ந்துபோனதால்
ஹாஜியார் வீட்டு ஜன்னலுக்கு வாங்கிய
காப்பிக் கலரின் மிச்சம்.

அக்கா பாலம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.
நல்லா இருக்கு என்று சொல்லும் என்று நின்றேன்.
"பெல்லு எங்க?" என்றது.

இப்போது தண்ணீர் கேன் போடும் பிரபாகரன் ஒன்று கேட்கிறான்.
இரட்டைப் பிள்ளைகளை ஏற்றிப்போக
டியூஷன் டீச்சர் ஒன்று.
இரண்டு பேரையும் முதலில்
மணலோடு ஓட்டிக் காட்டச் சொல்லப்போகிறேன்,
இல்லை, நானே ஓட்டணும்.

விடியற்காலை நாலே முக்கால்.
என் தெருவில் ஸ்டாண்டு விழுகிறது.
டக். பொட்டலம். பிறகு ஒரு தள்ளு, அடுத்த வீடு, டக்.
மூன்று வாரமாக நடுவில் ஒரு சின்ன கிறீச்.
செயின் கவர், பின்பக்க போல்ட்டு,
பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
படுத்தபடியே தெரிகிறது எனக்கு.
வெள்ளிக்கிழமை அக்கா வண்டி எடுக்காது.
வீட்டுக்கே போய் ஒரு திருகு திருகிவிட்டு வரலாம்.

போனால்
பாக்கி எண்ணூறைக் கேட்க வந்ததாக
நினைத்துக்கொள்ளும்.