உருகுநிலை

ஹெப்பால் மேம்பாலத்தில் பேருந்து
நகராமல் நின்ற முக்கால் மணி நேரமும்
ஐஸ் பெட்டிக்குள் நாற்பத்தெட்டுக் கடாக்களின் ரத்தம்
என் மடியில்.
மீனா, என்று கேட்டார் நடத்துனர்.
ஆடு, என்றேன்.
அப்படியானால் அரை டிக்கெட் என்று சிரித்தார்.

நூற்று எழுபத்தொன்றாவது இடம்.
அங்கே குளூட்டமின் இருந்தால் ஒரு ஆடு,
அர்ஜினின் இருந்தால் வேறு ஆடு.
மரபணுவில் ஓர் எழுத்துதான்:
ஏ நின்ற இடத்தில் ஜி.
ரோமத்தில் தெரியாது, கொம்பில் தெரியாது,
பத்திரத்தில் இனிஷியல் பிசகிய மனையைப் போல
வழக்கு வரும் நாளில்தான் தெரியும்.

புரதம் மடிகிறது என்போம்.
ஆடு மடிகிறது என்றும் சொல்வோம்.
ஆய்வேட்டைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தால்
இந்த ஒரு சொல்லிலேயே மூன்று நாள் உட்கார்ந்திருப்பேன்.
நல்லவேளை, யாரும் சொல்லவில்லை.

தப்பாக மடிந்த ஒன்று
பக்கத்தில் இருப்பதைத் தொட்டு
என்னைப் போல் மடி என்கிறது.
அதற்கு உயிரில்லை, விதையில்லை,
வெறும் உருவம்தான் தொற்றுகிறது.
பிறகு ஆடு வேலியில் விலாவைத் தேய்க்கும்.
ரோமம் கொட்டும், தோல் கசியும், நிறுத்தாது.
படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
எங்கள் நாற்பத்தெட்டில் எதுவும் தேய்க்கவில்லை.
தேய்க்கக்கூடியது எது என்பதுதான் கேள்வி.

இரண்டு வகைப் புரதத்தையும் பாக்டீரியாவில் விளைவித்து
நிக்கல் குழாயில் கழுவி எடுத்து
சுண்டுவிரல் அகலக் குவார்ட்ஸ் கிண்ணத்தில் ஊற்றி
நிமிடத்துக்கு ஒரு டிகிரி சூடேற்றினோம்.
முறுக்கிய ஒளி உள்ளே போய்
எவ்வளவு சுருள் மிச்சம் என்று எண்ணி வந்தது.
வெளியே பெங்களூரின் மே மாத மழை.
கரண்ட் போய்விடக் கூடாதே என்று
ரெஹானா யுபிஎஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

நோய்க்கு அசையாத வகைதான்
கடைசிவரை நிற்கும் என்று பந்தயம்.
ஒரு பிளேட் பிரியாணி. கோழி.

முதலில் உருகியது அதுதான்.

நோய்க்கு இடம் கொடுக்கும் மற்றது
இன்னும் சில டிகிரிக்கு
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
மறுபடி செய்தோம். கரைசலை மாற்றிச் செய்தோம்.
கிண்ணங்களை இடம் மாற்றி, என்னிடமே சொல்லாமல்
ரெஹானா ஒருமுறை செய்தாள்.
அதே கோடு. அதே சரிவு.

சீக்கிரம் குலைவதுதான் பிழைக்கிறதா?
இறுகி நிற்பது, நழுவும்போது
போவதற்கு ஒரே பள்ளம்தான் வைத்திருக்கிறதா?
மஞ்சள் ஒட்டுத்தாளில் கன்னடத்தில்
கொத்தில்ல என்று எழுதி
ரெஹானா கருவியின் நெற்றியில் ஒட்டினாள்.
பிரியாணியை இருவரும் பாதிப் பாதி கட்டினோம்.

காலையில் ஹெசரகட்டாவிலிருந்து பீரலிங்கப்பா.
முப்பத்தொன்று என்ன ஆச்சு மேடம்,
மந்தையிலேயே திடமானவன்,
ஆலங்கட்டி மழையில்கூட ஒதுங்காதவன்.

இனப்பெருக்கத்துக்கு வேண்டாம், என்றேன்.
நோயா?
இல்லை.
வருமா?
தெரியாது.
அப்புறம்?

எதிர்முனையில் ஆடுகளின் சத்தம்,
ஒன்று இருமியது, அது எந்த எண்ணோ.
பக்ரீத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்,
விலை ஏறட்டும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பட்டியலில் முப்பத்தொன்றுக்கு நேரே
பெருக்கல் குறி போட்டேன்.
பேனா எழுதவில்லை.
இன்னும் அழுத்திப் போட்டேன்.