ஒரு மில்லிமீட்டர்

அஸ்தம்பட்டியில், டயர் கடைக்கு மேல்மாடி.
எங்களிடம் ஒரு மலை வந்திருக்கிறது,
இரண்டு தாள்களாக.

பதிவேட்டில் 58 ஐ என்று எழுதியிருந்தது.
இரண்டாம் வேற்றுமை என்று நினைத்து
ஐம்பத்தெட்டை என்ன செய்தார்கள் என
வாக்கியம் முடியக் காத்திருந்தேன் முதல் நாள்.

தெற்குத் தாளில் சேலமும் மலையின் முழங்காலும்.
வடக்குத் தாளில் ஏற்காடு, ஏரி, சேர்வராயன் கோயில்.
வெட்டிய இடத்தில் என் வேலை.

சபீனாவுக்கு நீலம். எனக்குப் பழுப்பு.
அவள் திருமணிமுத்தாற்றை
மவுஸால் வருடிக்கொண்டே போகிறாள்.
தாளில் அது எப்போதும் நீலம்;
பாலத்துக்கு அடியில்
அன்றைக்கு எந்தச் சாயமோ அந்த நிறம்.

நான் சம உயரக் கோடுகளின் பின்னால் போகிறவள்.
இருபது மீட்டருக்கு ஒன்று,
ஐந்தாவது மட்டும் தடித்து.
கோடுகள் நெருங்கினால் மூச்சு வாங்கும்.
விலகினால் அங்கே யாரோ காபி போட்டிருப்பார்கள்.

பக்கத்துத் திருச்செங்கோட்டில்
கோடு என்றால் சிகரம்.
என் திரையில் அதே சொல் ஒரு மெல்லிய இழை.
பெயர் வைத்தவன்
மலையைச் சுற்றியும் நடந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு வேளையில் பூமியைச் சுழற்றிவிட்டு
இருவரும் மேலிருந்து விழுவோம்.
முதலில் தெரிவது மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளை,
யாரோ மாவைக் கொட்டித் துடைக்காமல் போனதுபோல்.
அதற்குத் தெற்கே என் வீட்டு மொட்டைமாடி.
போன ஆடியில் விற்ற தண்ணீர்த் தொட்டி
அங்கே இன்னும் கறுப்பாக நிற்கிறது,
நிழலும் வைத்திருக்கிறது.
வாங்கியவரின் மாடியைத் தேடிப் பார்த்தோம். காலி.
பூமியின் கணக்கில்
அவர் பணம் மட்டும் கொடுத்திருக்கிறார்.

செயற்கைக்கோளின் மலையிலும் ஒட்டு தெரிகிறது:
பாதி மாசி, பாதி புரட்டாசி.
வளைவில் ஒரு பஸ்
வெயிலில் நுழைந்து மழையில் வெளிவரக் காத்திருக்கிறது.

ஆயிரத்து இருநூற்று நாற்பதில்தான் சிக்கல்.
தெற்குத் தாளின் விளிம்புவரை
ஒழுங்காக வந்த கோடு
வடக்குத் தாளில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பிறக்கிறது.
வேறு வருடம், வேறு ஆட்கள், வேறு பனிமூட்டம்.
ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஐம்பது மீட்டர்.
"இழுத்து ஒட்டிடும்மா,
மலையா வந்து கேட்கப்போகுது?"
என்றார் தனபால் சார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
முன்சீட்டுக் குழந்தை
தடித்த கோடு ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை
வாந்தி எடுத்தது.
பதினெட்டாவது கொண்டை ஊசியில் இறங்கி நடந்தேன்.
செல்போனின் நீலப் புள்ளி
என்னை விட்டுவிட்டுப் பள்ளத்தில் போய் நின்றது.

கம்பத்தின் மேல் ஒருவர்.
சட்டைப்பையில் இருதயராஜ், மின்வாரியம்.
"என்ன தேடறீங்க?"
"ஒரு லைனுங்க. இங்க விட்டுப்போச்சு."
"எந்த லைன்? காலையிலயே கொடுத்துட்டேனே."
விளக்கினேன்.
கீழே இறங்காமல், சிரிக்காமல்,
கட்டிங் பிளேயரால் காட்டினார்:
காபிச் செடிகளுக்கு ஊடே
பறிக்கிறவர்கள் போகும் தடம்.
"மூட்டையோட ஏறவும் மாட்டாங்க,
இறங்கவும் மாட்டாங்க. சுத்திப் போவாங்க."

ஏற்றமும் இறக்கமும் தவிர வேறில்லாத மலையில்
முதல்முறையாக
என் முழங்கால் எதுவும் சொல்லவில்லை.
மிளகுக்கொடி. சில்வர் ஓக். காலில் ஓர் அட்டை.
ஒழுகிக்கொண்டிருந்த கறுப்புக் குழாய்.
எழுபத்தோரு அடிகள்,
அட்டைக்காக நின்றதைச் சேர்க்காமல்.

திங்கள் காலை கோட்டை ஒட்டினேன்.
லேசாக வளைகிறது,
யாரோ காலை உதறக் குனிந்த மாதிரி.

சபீனா கேட்டாள்,
"அங்க தண்ணி ஏதாச்சும் இருந்துச்சா?"
"ஒரு குழாய் ஒழுகிச்சு."
"போடட்டா?"
"எத்தனை நாளைக்கு ஒழுகும்னு தெரியலையே."

அம்புக்குறியை நீலத்தின்மேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம்
அழுத்தாமலே இருந்தாள்.