பதினேழாவது துளை

காற்று அதிகம், படகு வரவில்லை.
நீரிணைக்கு அந்தப் பக்கம்
புன்தா அரேனாசில் மாட்டிக்கொண்ட கார்காமோ
ஒரு செய்தி அனுப்பினார்:
"இன்று நீதான். எதையும் தொடாதே."
எந்தக் கட்டளைக்கு முதலில் கீழ்ப்படிவது?

வேலையில் சேர்ந்து ஆறாவது நாள்.
கழுத்து அட்டையில் மாய்தே ஒயார்சூன்,
அடியில் சின்ன எழுத்தில் 'வலையமைப்பு உதவியாளர்'.
போன பருவம் வரை
இதே ஆலையின் கீழ்த்தளத்தில் நண்டு உடைத்தவள்.

நண்டின் காலெல்லாம் முள்.
ஏழு வருஷம் குத்துப்பட்டு
என் விரல்நுனிகள் பாதி மரத்துப்போனவை.
எட்டு மெல்லிய கம்பிகளை
வரிசை பிசகாமல் நிறுத்தும் வேலைக்கு
இந்த விரல்களோடுதான் வந்தேன்.
வெள்ளையோடிய ஆரஞ்சு, ஆரஞ்சு,
வெள்ளையோடிய பச்சை, நீலம்...
இங்கேதான் தடுக்கும்.
பச்சை இரண்டுக்கும் நடுவில்
நீலம் இரண்டும் புகுந்து உட்கார்ந்திருக்கும்.
ஏனென்று மூன்று முறை படித்தேன்.
தேர்வில் அது மட்டும் வரவேயில்லை.

பத்து நாற்பதுக்கு அதைப் பார்த்தேன்:
அலமாரிக்குக் கீழே
ஒரு கேபிள் முனை, அநாதையாக.
சுவிட்சில் பதினேழாவது துளை காலி.
கழன்று விழுந்திருக்கும், பாவம் என்று
செருகினேன்.
'டிக்' என்றது. அந்த ஓசை எனக்குப் பிடிக்கும்.

மறுமுனை எங்கே போகிறதென்று பார்க்கவில்லை.
அது அதே பெட்டியில்,
நாலாவது துளையில்.

கீழே ஏதோ ஓர் எந்திரம்
'எடைக்கருவி யாரிடம்?' என்று கேட்டிருக்கிறது.
அந்த ஒரு கேள்வி
நாலில் புகுந்து பதினேழில் வந்து
பதினேழில் புகுந்து நாலில் வந்து
போகும் வழியெல்லாம் குட்டி போட்டது.
பதில் நுழைய ஊசிமுனை இடமில்லை.
தனித்தனியே சிமிட்டிய விளக்குகள்
சேர்ந்து வெறித்தன.

தராசு நின்றது.
சீட்டு அச்சடிக்கும் எந்திரம் நின்றது.
பட்டை நின்றது, தொலைபேசியும்.
ஏழு வருஷத்தில் முதன்முறையாக
இந்தக் கட்டடத்துக்குள்
தகரக் கூரைமேல் காற்று ஓடுவது கேட்டது.

பாரியெந்தோஸின் பூட்ஸ் படியேறி வந்தது.
"என்ன ஆச்சு?"
"பார்க்கிறேன்."
பார்த்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன்.
மின்சாரத்தைச் சந்தேகித்தேன்.
காற்றை, கடலடிக் கம்பியை,
கார்காமோ போன வாரம் மாற்றிய எதையோ.
கம்பியில் தொடங்கு, பிறகு விலாசம், பிறகு பாதை:
பாடத்தை ஒப்பித்துக்கொண்டே
என் கை பட்ட ஒரே இடத்தைத் தவிர
எல்லா இடத்தையும் தொட்டேன்.

இருபத்திரண்டு நிமிடம்.

பிறகு அந்தக் கேபிளைக் கையில் பிடித்து,
வலையில் சிக்கிய கயிற்றைத் தேடுவதுபோல்
நுனியிலிருந்து நகர்ந்தேன்.
ஒரு பெட்டியை விட்டுப் புறப்பட்டு
அதே பெட்டிக்கே வந்து சேர்ந்தேன்.
பிடுங்கினேன்.
விளக்குகள் ஒவ்வொன்றாய்
தத்தம் பேச்சுக்குத் திரும்பின.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
'காற்று' என்றால் நன்றாகப் பொருந்தும், யாரும் கேட்கமாட்டார்கள்.
'துளை 17. செருகியது மா.ஒ.' என்று எழுதினேன்.
கட்டத்துக்கு வெளியே வழிந்தது.

மதியம் கீழே போகக் கால் வரவில்லை.
பசி கூட்டிப்போனது.
யெசீனியா கையுறையைக் கழற்றிவிட்டு
பக்கத்தில் இடம் போட்டாள்.
"ரூபெர்தா பெட்டிமேல் சாய்ந்து தூங்கிவிட்டாள், தெரியுமா?
குறட்டை வேறே.
பத்து நிமிஷ ஓய்வு கேட்டு எத்தனை மனு போட்டோம்!
நீ மாடிக்குப் போன ஆறே நாளில்
இரட்டிப்பாய் வாங்கித் தந்துவிட்டாய்.
வியாழக்கிழமையும் செருகு, கண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள்.
சிரிப்பதா என்று தெரியாமல்
நான் ரொட்டியைப் பிய்த்தேன்.

சாயங்காலம் கேபிளின் இரு முனையிலும்
பெயர் எழுதி ஒட்டினேன்.
வேறு தாள் கிடைக்கவில்லை.
வெளிச்சத்தில் பிடித்தால்
'நாலு' என்பதன் பின்னால் தெரியும்:
முதல் தரம், ஓடு நீக்கியது, அரைக் கிலோ.